ஜப்பானிய ராக்கின் பளிச்சென்ற கிரன்ச் டோன்: டோக்கியோவில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஜப்பானிய ராக் கேட்டுக் கேட்டே கிட்டார் பிடித்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. வேலைக்கோ படிப்புக்கோ டோக்கியோ வந்து சேர்ந்ததும், ஒரு ஒத்திகை ஸ்டூடியோ எடுத்து வாசித்தால் அந்தச் சத்தம் தானாக வந்துவிடும் என்று தோன்றும். வராது. ட்ரெபிளை, அதாவது கூர்மையான மேல் ஒலியைக் கூட்டினால் காதைக் குத்தும். கெயினை, அதாவது கரகரப்பின் அளவைக் கூட்டினால், டிரம்ஸ் தொடங்கிய அடுத்த நொடி கிட்டார் எங்கே போனது என்றே தெரியாது. நானும் இதோடு வெகுநாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் சொந்தமாக நல்ல வால்வ் ஆம்ப் (வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) வைத்துக்கொண்டு வீட்டில் தனியாக வாசிப்பவருக்கு எழுதியவை. இங்கே நமக்குக் கிடைப்பது ஸ்டூடியோவில் இருக்கும் ஆம்ப்தான். அதில், கிடைக்கிற நேரத்துக்குள், அந்த டோனை, அதாவது அந்த ஒலித் தன்மையை, எடுப்பது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். செலவு, கேட்கும் அடையாள அட்டைகள், மாட்டிக்கொள்ளும் இடங்கள் எல்லாம் கூடவே வரும். விலைகள் ஏறத்தாழச் சொல்பவை; கடைக்குக் கடை மாறும்.

1. எந்தச் சத்தம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'ஜப்பானிய ராக் டோன்' என்று ஒன்றே ஒன்று கிடையாது. ஆனால் பலரும் தேடி வரும் அந்தப் பளிச்சென்ற, மொறுமொறுப்பான சத்தத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது. ஆறு கம்பிகளையும் சேர்த்து ஒரு ஈ மேஜர் கார்டை ஓங்கி அடியுங்கள். கரகரப்பு இருக்க வேண்டும், அதே நேரம் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். அதே கார்டை மெதுவாகத் தொட்டால் கரகரப்பு விலகி ஏறக்குறைய கிளீனாக, தெளிவாகக் கேட்க வேண்டும். இரண்டும் நடந்தால் அதுதான் கிரன்ச். மெதுவாகத் தொட்டாலும் கரகரவென்றே இருந்தால் கெயின் அதிகம்.

இரண்டு குழுக்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஃபுகுவோகாவிலிருந்து வந்த நம்பர் கேர்ள் ஒன்று: முகாய் ஷுதோகு கையில் டெலிகாஸ்டர், தபுச்சி ஹிசாகோ கையில் ஜாஸ்மாஸ்டர். இரண்டு கிட்டாரும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போனாலும் எது யாருடையது என்று குழம்பாது. இன்னொன்று தீ மிஷெல் கன் எலிஃபன்ட். அதில் அபே ஃபுதோஷி டெலிகாஸ்டரை மார்ஷல் ஆம்பில் போட்டு, வலது கையை நிறுத்தாமல் வெட்டி வாசிப்பார். அந்தச் சத்தத்தில் இருக்கும் கெயின் நாம் நினைப்பதைவிட எவ்வளவு குறைவு என்று கவனியுங்கள். ஆவேசம் முழுவதும் கையிலிருந்து வருகிறது. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதைத்தான்: கெயின் குறைய வேண்டும், மிடில் (நடு ஒலிப்பகுதி) கூட வேண்டும், கை பலமாக விழ வேண்டும்.

2. இருக்கிற கிட்டாரைச் சரிசெய்யுங்கள்

புது கிட்டார் வாங்க ஓடாதீர்கள். சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள் காந்தம்) உள்ள எந்த கிட்டாரும் போதும். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் இருந்தாலும் பரவாயில்லை, கெயினை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கம்பியை மாற்றுங்கள். பழைய கம்பியில் மேல் அலைவரிசை செத்துப்போயிருக்கும். அதை ட்ரெபிள் குமிழால் மீட்க முயன்றால் கூர்மைதான் கூடும், பளிச் வராது. 10-லிருந்து 46 வரையிலான செட் இந்தப் பாணிக்குப் பொருந்தும். பலமாக அடிக்கும்போது 9 அளவுக் கம்பி சுருதி விலகும். ஒரு செட் 1,000 யென் வாக்கில் கிடைக்கும். ஸ்டூடியோவுக்குப் போகும் முந்தைய நாளே மாற்றி, நன்றாக இழுத்துவிட்டு, சுருதி நிலைக்க விடுங்கள்.

அடுத்தது பிக்கப்பின் உயரம். இதைப் பலர் தொடுவதே இல்லை. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப் காந்தத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். டெலிகாஸ்டர் வகை என்றால் தடித்த கம்பிப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர் அளவில் தொடங்கலாம். மிக அருகில் இருந்தால் சத்தம் பெரிதாகும், ஆனால் கார்டு கூழாகிவிடும். கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், கம்பிகள் பிரிந்து கேட்கத் தொடங்கும். ஸ்க்ரூ டிரைவரைத் தவிர வேறு செலவே இல்லாத வேலை இது. இந்தப் பட்டியலிலேயே பலன் அதிகம் தருவதும் இதுதான் என்பது என் எண்ணம்.

கேபிள் மூன்று மீட்டர் அல்லது ஐந்து மீட்டர் போதும். நீளம் கூடக் கூட ட்ரெபிள் கரையும். 2,000, 3,000 யென்னில் உறுதியான கேபிள் வாங்கலாம். கடையில் 'ஷீல்டு' என்று கேளுங்கள். இங்கே கிட்டார் கேபிளுக்கு அதுதான் பெயர்.

3. ஒரு பெடல் வாங்குங்கள், ஒன்றே ஒன்று

பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் மாட்டி, காலால் போட்டு அணைக்கும் ஒலி மாற்றும் பெட்டி. தொடக்கத்துக்கு நான் சொல்வது பாஸ் நிறுவனத்தின் பிடி-2 ப்ளூஸ் டிரைவர். 1995-இல் வந்த பெடல். பெயரில் ப்ளூஸ் இருந்தாலும் ஜப்பானிய கிட்டார் குழுக்களின் பெடல் போர்டுகளில் இதை அடிக்கடி பார்ப்பீர்கள். கையின் அழுத்தத்துக்கு நன்றாக வளைந்துகொடுக்கும், மேல் அலைவரிசையை அப்படியே விடும். புதியது 15,000 யென்னை ஒட்டி வரும். பழையது ஏறக்குறைய அதில் பாதிக்குக் கிடைக்கும். இந்த வகைப் பெடல் இரும்புப் பெட்டி மாதிரி உழைக்கும் என்பதால் பழையதை வாங்கத் தயங்க வேண்டாம்.

வாங்க ஒச்சனோமிஸு போங்கள். ஜேஆர் நிலையத்திலிருந்து மெய்ஜி பல்கலைக்கழகப் பக்கம் இறங்கும் தெருவில் வரிசையாக கிட்டார் கடைகள்தான். காலை 11 மணி வாக்கில் திறப்பார்கள். வார நாளில் போனால் கடைக்காரர் நிதானமாகப் பேசுவார். வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்து தருவார்கள். அப்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: "ஜேசி-120-இல் போட்டுக் கேட்கலாமா?" ஸ்டூடியோக்களில் நீங்கள் சந்திக்கப்போகும் ஆம்ப் அதுதான். கடையில் அருகில் இருப்பது அழகான சின்ன வால்வ் ஆம்பாக இருக்கும். அதில் எந்தப் பெடலும் இனிக்கும். அதை நம்பி வாங்கிய பெடல் ஸ்டூடியோவில் வேறு குணம் காட்டும்.

பழைய பொருள் கடைகளில் 'ஜங்க்' என்று சீட்டு ஒட்டிய பெட்டி இருக்கும். விலை ஆசை காட்டும். அந்தச் சீட்டுக்கு அர்த்தம், வேலை செய்யுமா என்பதற்குக் கடை பொறுப்பேற்காது, திருப்பித் தரவும் முடியாது என்பதுதான். சாலிடரிங் தெரிந்தவர் வாங்கலாம். 'சூக்கோ' என்று மட்டும் போட்டிருந்தால் சோதித்துப் பார்த்த பழைய பொருள். சில கடைகள் சில மாத உத்தரவாதமும் தரும்.

வரிவிலக்கு பற்றி ஒரு வார்த்தை. வேலை விசாவில் இங்கே இருப்பவருக்கு அது கிடையாது. 10 சதவீத நுகர்வு வரியைக் கட்டித்தான் வாங்க வேண்டும். சுற்றுலா வந்த நண்பரின் பாஸ்போர்ட்டில் வாங்கி நாம் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பொருள் நாட்டைவிட்டு வெளியே போக வேண்டும் என்பதுதான் விதி. உங்கள் பழைய பெடலை விற்கும்போது வசிப்பு அட்டையைக் கேட்பார்கள். பழைய பொருள் வாங்கும் கடை, விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அட்டையில் பழைய முகவரி இருந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். வீடு மாறியவுடன் நகராட்சியில் முகவரியை மாற்றிவிடுங்கள்.

மின் அடாப்டரும் சேர்த்து வாங்குங்கள். 9 வோல்ட், நடு முனை மைனஸ். கண்ணில் படும் வேறு ஏதோ அடாப்டரைச் செருகிப் பார்க்கும் விஷப் பரீட்சை வேண்டாம். பேட்டரியில் ஓட்டுவதாக இருந்தால், வாசிக்காத நேரத்தில் இன்புட் கேபிளை உருவிவிடுங்கள். செருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

4. ஸ்டூடியோவில் பெயர் பதிந்து, தனிப் பயிற்சி நேரம் எடுங்கள்

டோக்கியோவில் பெரிய ரயில் நிலையங்களை ஒட்டி எங்கும் ஒத்திகை ஸ்டூடியோக்கள் உண்டு. டிரம்ஸ், பேஸ் ஆம்ப், கிட்டார் ஆம்ப், மைக் எல்லாம் அறை வாடகைக்குள்ளேயே வரும். முதல் முறை போகும்போது உறுப்பினராகப் பதிய அடையாள அட்டை கேட்பார்கள். வசிப்பு அட்டையும், ஜப்பானிய கைபேசி எண்ணும் கையில் இருந்தால் சில நிமிட வேலை. படிவத்தில் பெயரின் உச்சரிப்பை கத்தகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) எழுதக் கேட்பார்கள். உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை தொலைபேசியில் சொல்லும்போதும் அதே பெயர்தான் செல்லும்.

குழுவாக முன்பதிவு செய்தால் கட்டணம் அறைக்கு. ஒருவர் அல்லது இருவர் என்றால் 'கோஜின் ரென்ஷு' என்று கேளுங்கள், அதாவது தனிப் பயிற்சி. முந்தைய நாளிலோ அன்றைக்கோ காலியாக இருக்கும் அறையைத் தலைக்கு இவ்வளவு என்று தருவார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரம் 1,000 யென்னுக்குள் முடியும். ஆம்ப் அதே பெரிய ஆம்ப்தான். வார நாள் பகல் நேரம் இன்னும் மலிவு. ஆனால் எடுத்த பிறகு ரத்து செய்தால் முழுக் கட்டணமும் கேட்கும் இடங்கள் உண்டு. பதிவதற்கு முன் அந்த விதியைப் படியுங்கள்.

இரண்டு மணி நேரம் எடுங்கள். ஒரு மணி நேரத்தில் கேபிள் மாட்டி, சுருதி சேர்த்து முடிப்பதற்குள் பாதி போய்விடும். மூன்று மணி நேரம் எடுத்தால் காது களைத்து, கடைசியில் எடுக்கும் முடிவுகள் எல்லாம் தப்பாகும். கேட்கும் திறன் ஒரு முறை போனால் திரும்பாது, எனவே காதடைப்பான் கட்டாயம். நேரம் முடிவதற்குச் சில நிமிடம் முன்பே கேபிளைச் சுற்றத் தொடங்குங்கள். அடுத்த குழு கதவுக்கு வெளியே நிற்கும்.

5. ஜேசி-120-ஐப் பழக்கிக்கொள்ளுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். ரோலண்ட் ஜேசி-120 1975-இல் வந்தது. 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, பக்கத்துக்கு 60 வாட். வால்வ் கிடையாது, முழுக்க டிரான்சிஸ்டர். ஜப்பானில் ஏறக்குறைய எந்த ஸ்டூடியோ, எந்த லைவ் ஹவுஸ் (குழுக்கள் மேடையேறும் சிறு அரங்கம்) போனாலும் இது இருக்கும். உங்கள் டோன் இதில் நன்றாக வந்தால் இங்கே எங்கும் கவலையில்லை.

இதை வெறுப்பவர்கள் சொல்லும் காரணம் எனக்குப் புரிகிறது. வால்வ் ஆம்ப் பலமான அடியைத் தானே கொஞ்சம் அமுக்கி, கூர்முனையை மழுக்கிக் கொடுக்கும். ஜேசி அதைச் செய்யாது. பெடலிலிருந்து என்ன வருகிறதோ அதை அப்படியே வெளியே தள்ளும். மழுக்கும் வேலையை நாம்தான் குமிழ்களில் செய்ய வேண்டும். செய்துவிட்டால், கார்டின் ஒவ்வொரு கம்பியும் பிரிந்து கேட்பதில் இதை மிஞ்ச ஆள் இல்லை. நாம் தேடும் டோனுக்கு அது பெரிய வரம்.

மின்சாரம் போடும் முன் எல்லா வால்யூமையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்பு வந்தவர் எதை எங்கே விட்டுப் போனார் என்று தெரியாது. இரண்டாம் சேனலில்தான் டிஸ்டார்ஷன், ரிவர்ப், கோரஸ் எல்லாம் இருக்கின்றன. அந்தச் சேனலை எடுத்தால் இவை எல்லாம் அணைந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டிஸ்டார்ஷன் குமிழ் 'டிக்' என்று அணையும் இடத்தில் இருக்க வேண்டும். கோரஸ் லேசாக இருந்தாலும் கிரன்ச்சின் முனை மங்கிப்போகும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் முதல் சேனல். கிட்டாரை 'ஹை' என்று எழுதிய இன்புட்டில் செருகுங்கள். 'ப்ரைட்' சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். பளிச் வேண்டும் என்பதற்காக அதைப் போட்டால், பிடி-2-வோடு சேர்ந்து தாங்க முடியாத கூர்மை வரும்.

அடுத்து குமிழ்கள். எல்லாவற்றையும் நடுவில் வைப்பதுதான் நடுநிலை என்று நினைப்போம். இந்த ஆம்பில் அப்படியில்லை. எல்லாம் நடுவில் இருந்தால் மிடில் குழிந்த சத்தம்தான் வரும். மிடிலை முழுதாகத் திறந்து மற்ற இரண்டையும் பூஜ்யத்துக்கு இறக்கினால்தான் தட்டையான சத்தத்தை நெருங்கும். அதனால் தொடக்கப் புள்ளி இது:

ட்ரெபிள் 3. மிடில் 8. பேஸ் 3. வால்யூம் 2.

பெடலை இன்னும் போட வேண்டாம். கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப், வால்யூம், டோன் இரண்டும் முழுதாகத் திறந்து, கிளீனாக ஒரு ஐந்து நிமிடம் கார்டுகளை அடியுங்கள். கொஞ்சம் மந்தமாக, மூக்கால் பாடுவதுபோல் இருக்கும். அது சரிதான், கை வைக்காதீர்கள்.

இப்போது முக்கியமான வேலை: குனியுங்கள். ஜேசி தரையில் இருக்கும். ஸ்பீக்கர் உங்கள் முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருக்கும், காது மேலே இருக்கும். மேல் அலைவரிசை ஸ்பீக்கருக்கு நேர் எதிரே குவிந்து போவதால் மேலே நிற்கும் நமக்கு மந்தமாகத் தெரியும், நாம் ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே போவோம். எதிரே உட்கார்ந்திருக்கும் டிரம்மர் முகம் சுளிப்பார். எனவே ஒவ்வொரு முறை குமிழைத் திருப்பும்போதும் இரண்டு மீட்டர் தள்ளிப் போய், ஸ்பீக்கர் உயரத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஆம்பை லேசாகச் சாய்த்து வைக்க வசதி இருந்தால் சாய்த்துவிடுங்கள்.

இனி பெடல். கெயின் குமிழ் கடிகார முள் ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில். டோன் பதினொன்றில். லெவலை, பெடல் போட்டாலும் அணைத்தாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி வையுங்கள். இந்தச் சமன் செய்யும் வேலையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பெரிதாகக் கேட்பது எதுவும் நல்லதாகக் கேட்கும். சமமாக வைத்தால்தான் பெடல் உண்மையில் என்ன சேர்க்கிறது என்று தெரியும். சமமான பிறகு லெவலை ஒரு துளி கூட்டலாம்.

ஈ மேஜர் சோதனையைச் செய்யுங்கள். குத்துகிறது என்றால் முதலில் பெடலின் டோனைப் பத்து மணிக்கு இறக்குங்கள், அப்புறம்தான் ஆம்பின் ட்ரெபிள். மெலிந்து கேட்டால் பேஸைக் கூட்டாமல் கெயினைக் கொஞ்சம் குறைத்து லெவலைக் கூட்டுங்கள். கரகரப்பு போதவில்லை என்று தோன்றினால் குமிழைத் தொடும் முன் கையை இன்னும் பலமாக வீசிப் பாருங்கள். பதினொரு மணிக்கு மேல் கெயின் போக வேண்டிய தேவை இந்தப் பாணியில் அபூர்வம்.

மல்டி எஃபெக்ட் பெட்டி (பல பெடல்களின் வேலையை ஒன்றே செய்யும் பெட்டி) வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். வீட்டில் ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருந்த டோன் ஜேசியில் கம்பளி போர்த்தியதுபோல் வரும். பெட்டிக்குள் ஸ்பீக்கர் கேபினெட்டின் போலி ஒன்று ஓடிக்கொண்டிருப்பதுதான் காரணம். ஸ்பீக்கருக்குள் ஸ்பீக்கர் ஆகிவிடுகிறது. அதை அணைத்துவிட்டு, ஆம்பின் பின்பக்கம் இருக்கும் 'ரிட்டர்ன்' துளையில் செருகுங்கள். அப்போது ஜேசியின் முன்பகுதிக் குமிழ்களைத் தாண்டி நேரே போய்விடும். வால்யூமைப் பெட்டியில் பூஜ்யமாக வைத்துவிட்டுச் செருகுங்கள், இல்லையென்றால் அறை அதிரும்.

6. மார்ஷல் மட்டும் காலியாக இருந்தால்

குழுவில் இன்னொரு கிட்டார்க்காரர் ஜேசியைப் பிடித்துக்கொண்டால் உங்களுக்கு மிஞ்சுவது மார்ஷல். ஸ்டூடியோக்களில் அதிகம் பார்ப்பது ஜேசிஎம்2000 வரிசை. அதில் டிஎஸ்எல் மாடல் என்றால் 'கிளாசிக் கெயின்' சேனலை எடுத்து, கிரன்ச் பட்டனைப் போடுங்கள். 'அல்ட்ரா கெயின்' பக்கம் போக வேண்டாம். கெயின் 4, ட்ரெபிள் 5, மிடில் 7, பேஸ் 4, ப்ரெசன்ஸ் 4. 'டோன் ஷிஃப்ட்' மிடிலைக் குடையும், 'டீப்' அடியை வீங்கவைக்கும், இரண்டும் அணைந்திருக்கட்டும். இதில் பெடலே இல்லாமல் நம் டோன் வந்துவிடும். பாட்டின் அமைதியான இடத்தில் கிட்டாரின் வால்யூமை 6-க்கு இறக்கினால் கிளீன்.

வால்வ் ஆம்ப் என்பதால் முதலில் பவர் சுவிட்ச், சில நிமிடம் சூடேறிய பிறகு ஸ்டாண்ட்பை. அணைக்கும்போது ஸ்டாண்ட்பை முதலில். ஸ்பீக்கர் கேபிள் செருகியிருக்கிறதா என்று பார்க்காமல் மின்சாரம் போடாதீர்கள். ஆம்ப் போனால் பழுதுச் செலவு உங்கள் தலையில் விழலாம்.

7. வலது கை

பிக் 0.8-லிருந்து 1 மில்லிமீட்டர். இங்கே பெரிய முக்கோண பிக் பலர் கையில் இருக்கும். மூன்று முனையும் பயன்படும், பிடியும் நழுவாது. ஒன்று 100 யென்னைச் சுற்றி. வாங்கிப் பாருங்கள்.

கம்பியை பிரிட்ஜுக்கு அருகில் அடித்தால் பளிச் கூடும், கழுத்துப் பக்கம் போனால் குறையும். ட்ரெபிள் குமிழ் செய்யும் வேலையைக் கையை இரண்டு அங்குலம் நகர்த்திச் செய்யலாம். பாட்டின் நடுவிலேயே செய்யலாம் என்பது கூடுதல் வசதி. இடது கைதான் சத்தத்தைத் துண்டு போடுகிறது. கார்டு ஒலித்ததும் விரலைத் தளர்த்தி (எடுத்துவிடாமல்) கம்பியை அடைத்தால் மொறுமொறுப்பு அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. வேகமான எட்டுத் தட்டு தாளத்தில் எல்லா அடியையும் கீழ்நோக்கியே அடித்துப் பழகுங்கள். மணிக்கட்டு வலித்தால் நிறுத்துங்கள். இறுக்கமாகப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆக்டேவ் வாசிக்கும்போது நடுவில் இருக்கும் கம்பியையும் வாசிக்காத மற்றக் கம்பிகளையும் இடது கை விரல்களின் சதையால் அடைத்துவிட்டு, ஆறு கம்பியையும் வீசி அடியுங்கள். இரண்டு கம்பியை மட்டும் பார்த்துப் பார்த்துத் தொட்டால் வரும் சத்தத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

8. குழுவோடு வாசித்து மறுபடி சரிசெய்யுங்கள்

தனியாக அழகாக இருக்கும் டோன் குழுவில் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பேஸும் மிடிலும்தான். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்தப் பகுதி பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் உரியது. அங்கே போட்டி போட்டால் மூவருமே கலங்கிப்போவீர்கள். எனவே குழுவில் ஆம்பின் பேஸை 2-க்கு இறக்குங்கள். சிம்பல் ஒலிக்கும் உயரத்தில் ட்ரெபிளைக் கூட்டினாலும் பலனில்லை, சிம்பல்தான் ஜெயிக்கும். கிட்டாருக்கென்று காலியாக இருப்பது நடுப்பகுதி. தனியாகக் கேட்டால் அசிங்கமாகத் தோன்றும் அந்த மிடில் 8, டிரம்ஸ் சேர்ந்தவுடன் அதன் இடத்தில் போய் உட்காரும்.

இரண்டு கிட்டார் இருந்தால் இருவரும் ஒரே டோன் வைக்காதீர்கள். ஒருவர் கிரன்ச்சில் கார்டு, இன்னொருவர் கூடுதல் கெயினில் மெல்லிய கம்பிகள். கைபேசியை அறையின் மூலையில் வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்து, வெளியே வந்து கேளுங்கள். பாடகரின் குரல் கேட்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கேட்கவில்லை என்றால் தப்பு உங்கள் வால்யூமில்.

சரியாக வந்ததும் குமிழ்களை அப்படியே படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப், பெடல், கிட்டார் மூன்றையும்.

9. வீட்டில்

வாடகை ஒப்பந்தத்தில் இசைக்கருவி கூடாது என்று ஒரு வரி இருக்கக்கூடும். ஆம்ப் போடுமுன் படியுங்கள். இங்கே சுவர் மெல்லியது, புகார் வீட்டு நிறுவனத்துக்கே நேரே போகும். ஹெட்ஃபோன் வைத்து வாசியுங்கள். ஆனால் ஹெட்ஃபோனில் டோனை முடிவு செய்யாதீர்கள். வீட்டில் கைக்குப் பயிற்சி, ஸ்டூடியோவில் டோனுக்குப் பயிற்சி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

10. லைவ் ஹவுஸில் வாசிக்கும் நாள்

குழு தயாராகி லைவ் ஹவுஸில் இடம் கிடைத்தால், ஒரு தாள் நிரப்பிக் கொடுக்கச் சொல்வார்கள். மேடையில் யார் எங்கே நிற்கிறார், எந்த ஆம்ப், பாட்டு வரிசை, எந்தப் பாட்டுக்கு எப்படி ஒலி வேண்டும் என்று எழுதும் தாள். ஜேசியா மார்ஷலா என்பதைத் தெளிவாகக் குறியுங்கள். எடுத்துவைத்த படத்தைப் பார்த்து எழுதினால் தடுமாற்றம் இருக்காது. ஒலிச் சோதனை பல இடங்களில் தலைகீழ் வரிசையில் நடக்கும்: கடைசியாக வாசிக்கும் குழு முதலில். முதலில் வாசிப்பவர் என்றால் கதவு திறப்பதற்குச் சற்று முன்தான் உங்கள் முறை. குழுக்களுக்கு நடுவே மேடை மாற்றும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குள் மாட்டி, சுருதி சேர்த்து, நின்றுவிட வேண்டும். ஒற்றைப் பெடல் போதும் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேடையில் ஆம்பின் வால்யூமைக் கூட்டாதீர்கள். மைக் வைத்து வெளியே அனுப்புவது ஒலிக்காரர் பொறுப்பு. உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் மானிட்டரில் (மேடையில் உங்களை நோக்கி இருக்கும் ஸ்பீக்கர்) கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள்.

செலவையும் முன்பே கேட்டுவிடுங்கள். 'நொருமா' என்று ஒரு ஏற்பாடு பல இடங்களில் உண்டு. இத்தனை டிக்கெட் விற்பது உங்கள் பொறுப்பு. விற்காத டிக்கெட்டுக்கான பணத்தைக் குழு கட்ட வேண்டும். எண்ணிக்கை, டிக்கெட் விலை, அதற்கு மேல் விற்றால் உங்களுக்கு எவ்வளவு, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு குழுவுக்குள் பங்கு பிரித்துப் பேசிவிடுங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். உங்கள் விசா கணினி வேலைக்கோ படிப்புக்கோ உரியது என்றால், மேடையில் வாசித்துப் பணம் வாங்குவது அந்த அனுமதிக்கு வெளியே போகும் செயல். ஊதியம் என்று ஒன்று வரும் சூழ்நிலை தெரிந்தால் வாங்கும் முன்பே குடிவரவு அலுவலகத்தில் கேட்டு, தேவையான அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். மேடை கொடுப்பவர்கள் 'பரவாயில்லை' என்று சொல்வது போதாது.

11. ஊருக்கு எடுத்துப் போகும்போது

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் 230. இங்கே வாங்கிய ஆம்பை அப்படியே சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ செருகினால் அன்றோடு சரி. ஆம்பின் பின்னால் எழுதியிருப்பதைப் பாருங்கள். 100 வோல்ட் மட்டும் என்றால் அதன் வாட் அளவைத் தாங்கும் இறக்கு மின்மாற்றி வேண்டும். அந்த எடையையும் விலையையும் சேர்த்துப் பார்த்தால் ஆம்பை இங்கேயே விற்றுவிடுவதுதான் லாபம். பெடலுக்கு இந்தக் கவலை இல்லை, அதற்குத் தேவை 9 வோல்ட்தான். கவலை அடாப்டருக்கு. அதன் மேல் '100-240' என்று இருந்தால் பிளக் மாற்றி ஒன்று போதும். வெறும் '100' என்று இருந்தால் அடாப்டரை இங்கேயே விட்டுவிட்டு ஊரில் 9 வோல்ட், நடு முனை மைனஸ் என்று கேட்டுப் புதிதாக வாங்குங்கள். கிட்டாருக்கும் பெடலுக்கும் கடை ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், சுங்கத்தில் விலை கேட்டால் காட்ட அதுதான் இருக்கிறது. விமானத்தில் ஏற்றும் முன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, கெட்டிப் பெட்டியில் வையுங்கள். கிட்டாரை உள்ளே எடுத்துவர விடுவார்களா என்பதை டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.